ஜேன் ஆஸ்டின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள், கொஞ்சம் கணக்கு வழக்கோடு

ஜேன் ஆஸ்டினைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒருவர், "மொத்தமே ஆறு நாவல், எல்லாம் கல்யாணத்தில் முடிகிறது, இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்பார். இன்னொருவர் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாயகன் டார்சி என்ற பெயரைக் கேட்டதும் உருகிவிடுவார். இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பக்கத்தில் ஒரு பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு படியுங்கள். யாரிடம் எவ்வளவு பணம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று குறித்துக்கொண்டே போனால் கதை வேறு மாதிரி தெரியும். அவர் வாழ்க்கையும் அப்படித்தான்.

சுருக்கமாக, யார் இவர்?

1775 டிசம்பர் 16 அன்று இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில், ஸ்டீவென்டன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா ஜார்ஜ் ஆஸ்டின் அந்த ஊர்ப் பாதிரியார். எட்டுப் பிள்ளைகளில் ஜேன் ஏழாவது. ஆறு ஆண், இரண்டு பெண். அக்கா கசாண்ட்ராவும் இவரும் கடைசி வரை ஒன்றாகவே இருந்தார்கள். பாதிரியார் சம்பளம் போதாமல் அப்பா வீட்டிலேயே மாணவர்களைத் தங்கவைத்துப் பாடம் நடத்தினார், கொஞ்சம் விவசாயமும் பார்த்தார். கௌரவமான குடும்பம், ஆனால் கையிருப்பு இல்லாத குடும்பம். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் அவர் எழுதியதெல்லாம்.

காதல் கதை எழுத்தாளர்தானே?

இதற்கு வாதம் செய்வதை விட 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யின் இரண்டாம் அத்தியாயத்தை எடுத்துக் காட்டுவது சுலபம். ஐந்தாறு பக்கம்தான்.

அப்பா சாகும்போது மூத்தாள் மகன் ஜான் டாஷ்வுட்டிடம், சித்தியையும் மூன்று தங்கைகளையும் பார்த்துக்கொள் என்று வாக்கு வாங்குகிறார். சொத்து முழுக்க மகனுக்கு. அவனும் நல்ல மனதோடு தங்கைகளுக்குத் தலைக்கு 1,000 பவுண்ட், மொத்தம் 3,000 கொடுப்பதாக முடிவு செய்கிறான். பிறகு மனைவி ஃபேனி பேச ஆரம்பிக்கிறாள். நம் பிள்ளையின் பங்கைப் பிடுங்கி இப்படி வாரிக் கொடுக்கலாமா? சரி, பாதியாக்கிவிடுவோம், தலைக்கு 500. அதுகூட எதற்கு, அவர்களிடம்தான் ஏற்கெனவே இருக்கிறதே? அப்படியானால் சித்திக்கு ஆண்டுக்கு 100 பவுண்ட் கொடுத்துவிடலாம். ஐயோ, ஆண்டுத் தொகை என்று ஒன்று ஏற்பாடு செய்துவிட்டால் வாங்குகிறவர்கள் சாகவே மாட்டார்கள், அவருக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை, திடகாத்திரமாக இருக்கிறார். அப்போ எப்போதாவது ஒரு 50 பவுண்ட்? கடைசியில் வந்து நிற்கும் இடம்: வீடு மாறும்போது சாமான் ஏற்ற ஒரு கை உதவி, பருவத்துக்குக் கொஞ்சம் மீன், வேட்டைப் பறவை. அதோடு முடியவில்லை. வருஷம் 500 பவுண்டில் நாலு பெண்கள் ராஜபோகமாக இருக்கலாம், குதிரையா, வண்டியா, என்ன செலவு, அவர்கள்தான் நமக்குத் தர வேண்டும் என்று ஃபேனி முடிக்கிறாள். கூடவே, அவர்கள் எடுத்துப்போகும் பீங்கான் செட் நம்முடையதை விட நன்றாக இருக்கிறது என்று ஒரு வயிற்றெரிச்சல்.

ஒரு வில்லத்தனமான சொல்கூடக் கிடையாது. இரண்டு பேரும் தங்களை நல்லவர்கள் என்றே நம்பிக்கொண்டு பேசுகிறார்கள். சொத்துப் பேச்சு நடக்கும் எந்த வீட்டுக் கூடத்திலும் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இந்தக் குரல் புதிதல்ல.

எப்போது எழுத ஆரம்பித்தார்?

பதினொன்று, பன்னிரண்டு வயதில். வீட்டார் சிரிக்க வேண்டும் என்று எழுதிய கேலிக் கதைகள்; மூன்று நோட்டுகளில் அவரே நகல் எடுத்துவைத்தவை இன்றும் இருக்கின்றன. குடி, களவு, கொலை எல்லாம் உண்டு. பவ்யமான பாதிரியார் மகள் என்று நினைத்துக்கொண்டு திறப்பவர்களுக்கு அதிர்ச்சிதான்.

இருபது வயதை ஒட்டி எழுதியது 'ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்' என்ற நாவல். 1797 நவம்பரில் அப்பாவே லண்டன் பதிப்பாளர் கடெலுக்குக் கடிதம் போட்டுக் கேட்டார். பிரதியை அனுப்புங்கள் என்றுகூட அவர்கள் சொல்லவில்லை. கடிதம் போன வேகத்தில் மறுப்போடு திரும்பிவிட்டது. அந்த நாவல்தான் பின்னால் திருத்தி எழுதப்பட்டு 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' ஆனது.

1803இல் 'சூசன்' என்ற நாவலை கிராஸ்பி என்ற பதிப்பாளர் 10 பவுண்டுக்கு வாங்கினார். வாங்கியவர் அச்சிடவில்லை. ஆறு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு 1809இல் ஜேன், 'மிஸஸ் ஆஷ்டன் டென்னிஸ்' என்ற பொய்ப்பெயரில் ஒரு காரமான கடிதம் எழுதினார். கையெழுத்தாகப் போட்டது அந்தப் பெயரின் முதலெழுத்துகள் மட்டும்: எம், ஏ, டி. சேர்த்துப் படித்தால் 'மேட்'. கோபம் என்றும் பொருள், பைத்தியம் என்றும் பொருள். பதிப்பாளர் அசரவில்லை. இத்தனை நாளுக்குள் அச்சிடுவோம் என்று நாங்கள் சொல்லவே இல்லை, வேறு யாரும் போட்டால் தடுப்போம், வேண்டுமானால் அதே 10 பவுண்ட் கொடுத்து எடுத்துப் போங்கள் என்று பதில் வந்தது. அந்தப் பத்து பவுண்ட் அவரிடம் அப்போது சுலபமாக எடுத்துக் கொடுக்கும் தொகை இல்லை. 1816இல்தான் பிரதி திரும்பக் கைக்கு வந்தது. மீட்டு வந்த அண்ணன் ஹென்றி, பணத்தைக் கொடுத்து முடித்த பிறகே, இது 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' ஆசிரியரின் நாவல் என்று பதிப்பாளரிடம் சொன்னாராம். இது அண்ணன் மகன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வரும் கதை. கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம்; எனக்குப் பிடித்திருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

நடுவில் பத்து வருஷம் ஏன் எதுவும் வெளிவரவில்லை?

வீடு இல்லை. 1801இல் அப்பா ஓய்வு பெற்று, ஸ்டீவென்டனை மூத்த மகன் ஜேம்ஸிடம் ஒப்படைத்துவிட்டுக் குடும்பத்தோடு பாத் நகரத்துக்குப் போனார். வீட்டில் இருந்த 500 புத்தகங்களும் விற்பனைக்குப் போயின. அங்கே வாடகை வீடு மாற்றி வாடகை வீடு. 1805 ஜனவரியில் அப்பா இறந்தார்; அவரோடு வருமானமும் போனது. அம்மாவுக்குக் கொஞ்சம் வட்டி வந்தது. கசாண்ட்ராவுக்கு, மேற்கிந்தியத் தீவுகளில் காய்ச்சலில் இறந்துபோன அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை விட்டுச்சென்ற 1,000 பவுண்டின் வட்டி. ஜேனுக்கென்று ஒன்றுமில்லை. அண்ணன்மார் ஆளுக்கு 50, வசதியான எட்வர்ட் 100 என்று வருஷத்துக்கு இவ்வளவு என ஒப்புக்கொண்டார்கள். நாவலில் வரும் ஜான் டாஷ்வுட்டை விட நிஜ அண்ணன்மார் நல்லவர்கள். ஆனாலும் அண்ணன் தயவு அண்ணன் தயவுதான்.

அவரிடம் எவ்வளவு இருந்தது என்பதற்கு 1798 அக்டோபர் கடிதம் ஒன்றில் துல்லியமான அளவு இருக்கிறது. டார்ட்ஃபோர்டில் ஒரு விடுதியில் இறங்கியபோது அவருடைய எழுதுபெட்டி தவறுதலாக வேறொரு வண்டியில் ஏறிவிட்டது. வண்டி போன திசை கிரேவ்ஸெண்ட் துறைமுகம். அங்கிருந்து மேற்கிந்தியத் தீவுகள். ஒரு ஆளைக் குதிரையில் விரட்டி, இரண்டு மூன்று மைல் தூரத்தில் பிடித்து மீட்டார்கள். அந்தப் பெட்டியில் தன் உலகச் சொத்து முழுவதும் இருந்தது என்று அக்காவுக்கு எழுதுகிறார்: 7 பவுண்ட்.

கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை?

வாய்ப்பே வரவில்லை என்பது தவறு. இருபது வயதில் டாம் லெஃப்ராய் என்ற அயர்லாந்துப் பையனோடு நடனம், அரட்டை. கையில் காசில்லாத பெண் என்பதால் அவன் வீட்டார் அவனைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். பின்னாளில் அவர் அயர்லாந்தில் பெரிய நீதிபதி ஆனார். சினிமாக்காரர்கள் இதை ஊதிப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது 1802 டிசம்பர் 2. தெரிந்த குடும்பத்துப் பையன் ஹாரிஸ் பிக்-விதர், வயது 21, பெரிய பண்ணைக்கு வாரிசு, மேனிடவுன் மாளிகையில் வைத்துக் கல்யாணம் கேட்டான். ஜேன் சரி என்றார். ராத்திரி கழிந்தது. காலையில் முடியாது என்று சொல்லிவிட்டு அங்கிருந்து கிளம்பிவிட்டார். சரி என்றிருந்தால் அம்மாவுக்கும் அக்காவுக்கும் ஆயுசுக்கும் கூரை கிடைத்திருக்கும். 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் சார்லட் லூகாஸ், முட்டாள் காலின்ஸை வீட்டுக்காகக் கட்டிக்கொள்கிறாளே, அவளை எழுதியவர் அவளைக் கேலி செய்யாததற்கு அந்த ஒரு ராத்திரி காரணமாக இருக்கலாம். என் ஊகம் இது, ஆதாரம் கேட்காதீர்கள்.

நாவல்களை எங்கே உட்கார்ந்து எழுதினார்?

சாட்டன் என்ற கிராமத்தில். அண்ணன் எட்வர்டைச் சிறுவயதில் பணக்கார உறவினர்களான நைட் குடும்பம் தத்து எடுத்திருந்தது. அந்தச் சொத்தில் ஒரு சாலையோர வீட்டை 1809இல் அம்மாவுக்கும் தங்கைகளுக்கும் ஒதுக்கிக் கொடுத்தார். தோழி மார்த்தா லாயிடும் கூடவே வந்து தங்கினார். நாலு பெண்கள். சமையலையும் வீட்டு நிர்வாகத்தையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்ள, காலைச் சாப்பாடும் தேநீர், சர்க்கரை இருப்பும் ஜேன் பொறுப்பு. அவ்வளவுதான் வேலை. அந்த மீதி நேரத்தை வாங்கிக் கொடுத்தது கசாண்ட்ரா.

எழுதிய மேசை இன்னும் அங்கே இருக்கிறது. வால்நட் மரம், பன்னிரண்டு பக்கம், ஒரு காபித் தட்டும் ஒரு தாளும் வைத்தால் நிறைந்துவிடும் அளவு. அந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.

ஏன் பெயர் போடவில்லை?

1811இல் வந்த 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யின் முகப்பில் இருந்தது 'ஒரு சீமாட்டி எழுதியது' என்பது மட்டும். அடுத்ததில் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி ஆசிரியர்'. உயிரோடு இருந்தவரை அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை. நல்ல குடும்பத்துப் பெண் காசுக்கு எழுதுகிறாள் என்ற பேச்சு வேண்டாம் என்பது பொதுக் காரணம். ஹென்றி அண்ணனோ பெருமை தாங்காமல் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

1813 ஜனவரி கடைசியில் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' முதல் பிரதி சாட்டனுக்கு வந்த அன்று நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். புத்தகத்தைத் தன் செல்லப் பிள்ளை என்கிறார். அன்றைக்குப் பக்கத்தில் வசித்த மிஸ் பென் என்ற ஏழைப் பெண்மணி ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். லண்டனிலிருந்து புதுப் புத்தகம் வந்திருக்கிறது என்று சொல்லி, அவருக்கு முதல் பாகத்தில் பாதியை வாய்விட்டு வாசித்தார்கள். எழுதியவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. கதாநாயகி எலிசபெத்தை மிஸ் பென்னுக்குப் பிடித்துவிட்டது. அடுத்த முறை வாசித்தபோது ஜேனுக்குத் திருப்தியில்லை: அம்மா வேகவேகமாக வாசித்துக்கொண்டு போகிறாளாம், பாத்திரங்களை அவரவர் மாதிரிப் பேசவைக்கத் தெரியவில்லையாம்.

எழுத்தில் எவ்வளவு சம்பாதித்தார்?

இங்கேதான் பேனா, தாள். முதல் நாவலைக் கைக்காசு போட்டுத்தான் வெளியிட்டார். அதாவது செலவும் நஷ்டமும் ஆசிரியர் தலையில், தாமஸ் எகர்டன் என்ற பதிப்பாளருக்குக் கமிஷன். மூன்று பாகம், விலை 15 ஷில்லிங். 1813 நடுவில் எல்லாப் பிரதிகளும் தீர்ந்து 140 பவுண்ட் லாபம் நின்றது.

இந்த முறையில் லாபம் வரும் என்று தெரிவதற்கு முன்பே 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' உரிமையை எகர்டனுக்கு விற்றுவிட்டார். கேட்டது 150, கிடைத்தது 110. அந்த வருஷமே இரண்டாம் பதிப்பு வந்தது. அதில் அவருக்குச் சல்லிக்காசு இல்லை. அவர் செய்த மோசமான வியாபாரம், மிகப் புகழ்பெற்ற புத்தகத்தில் அமைந்தது. ஆனாலும் 1813 ஜூலையில் கடற்படையில் இருந்த அண்ணன் ஃபிராங்குக்குக் குஷியாக எழுதுகிறார்: எழுதி எழுதியே 250 பவுண்ட் சேர்த்துவிட்டேன், இன்னும் வேண்டும் என்றுதான் ஆசை வருகிறது.

'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' 1814. அதன் பிறகு பெரிய பதிப்பாளர் ஜான் மர்ரேயிடம் போனார். 'எம்மா', 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்', 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' மூன்றின் உரிமைக்கும் சேர்த்து மர்ரே 450 பவுண்ட் சொன்னார். ஆள் அயோக்கியன்தான், ஆனால் மரியாதை தெரிந்த அயோக்கியன் என்று அக்காவுக்கு எழுதிவிட்டு, மறுத்துவிட்டார். மறுபடியும் கைக்காசு. 'எம்மா' 2,000 பிரதிகள் அச்சாகி நன்றாகவே போனது. ஆனால் 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' இரண்டாம் பதிப்பு தேங்கி, அந்த நஷ்டத்தை 'எம்மா' லாபத்தில் கழித்துக்கொண்டார்கள். கைக்கு வந்தது 38 பவுண்ட் 18 ஷில்லிங். 450ஐ வாங்கியிருக்கலாம் என்று இன்றைக்கு உட்கார்ந்து சொல்வது சுலபம்.

ஆக, வாழ்நாள் எழுத்து வருமானம் 600க்கும் 700க்கும் நடுவே. டார்சிக்கு வருஷத்துக்கு 10,000 பவுண்ட் கொடுத்தாரே, அதில் அவனுடைய ஒரு மாத வருமானம்கூட இல்லை.

'எம்மா'வை இளவரசருக்கு ஏன் சமர்ப்பித்தார்?

விருப்பப்பட்டு இல்லை. ஆட்சிப் பொறுப்பில் இருந்த இளவரசர் ஜார்ஜ் இவர் நாவல்களின் ரசிகர். அவருடைய நூலகர் ஜேம்ஸ் ஸ்டேனியர் கிளார்க் 1815 நவம்பரில் ஜேனைக் கார்ல்டன் மாளிகைக்கு அழைத்துச் சுற்றிக்காட்டி, அடுத்த நாவலைச் சமர்ப்பிக்க 'அனுமதி உண்டு' என்றார். அரண்மனை அனுமதி என்றால் கட்டளை. மனைவியை அந்த இளவரசர் நடத்திய விதத்துக்காக அவரை வெறுப்பதாக ஜேன் முன்பே ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். சமர்ப்பணம் அச்சானது.

கிளார்க் அதோடு விடவில்லை. ஒரு ராஜவம்சத்தைப் பற்றி வரலாற்றுக் காதல் காவியம் எழுதலாமே என்று யோசனை சொன்னார். உயிருக்கு ஆபத்து என்றாலொழிய அப்படி ஒன்றை எழுத உட்கார முடியாது, என்னைப் பார்த்தும் பிறரைப் பார்த்தும் சிரிக்கவே கூடாது என்றால் முதல் அத்தியாயம் முடியும் முன்பே தூக்கில் தொங்கிவிடுவேன் என்று மிகுந்த பணிவோடு பதில் எழுதினார்.

நெப்போலியன் போர்க் காலத்தில் வாழ்ந்தவர், போரே கதையில் இல்லையே?

இருக்கிறது, வேறு வாசல் வழியாக. ஃபிராங்க், சார்லஸ் இருவரும் கடற்படை அதிகாரிகள். எதிரிக் கப்பலைப் பிடித்தால் அதன் மதிப்பில் பங்கு கிடைக்கும். 1801இல் தம்பி சார்லஸ் அப்படிக் கிடைத்த பணத்தில் இரண்டு அக்காமாருக்கும் புஷ்பராகக் கல் சிலுவையும் தங்கச் சங்கிலியும் வாங்கி அனுப்பினான். 'பெர்சுவேஷன்' கதாநாயகன் வென்ட்வொர்த் பணக்காரன் ஆவது இதே வழியில்.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் கடலூரோடு. ஜேனின் அத்தை ஃபிலடெல்ஃபியா, அப்பாவின் அக்கா, பெற்றோரை இழந்தவர். லண்டனில் தொப்பி, ரிப்பன் தைக்கும் கடையில் வேலை பழகினார். 1752இல், 21 வயதில், கப்பலேறிச் சென்னைப்பட்டினம் வந்தார். சீதனம் இல்லாத பெண்கள் கம்பெனி உத்தியோகஸ்தர்களில் மாப்பிள்ளை தேடி அப்படி வருவது வழக்கம். ஆறு மாதம் கழித்து, 1753 பிப்ரவரியில், கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்த டைசோ சால் ஹான்காக்கை மணந்தார். பிறகு கல்கத்தா. அங்கே பிறந்த மகள் எலைசாவுக்கு ஞானத்தந்தை வாரன் ஹேஸ்டிங்ஸ்; அவர் 10,000 பவுண்ட் எழுதிவைத்தார். எலைசா ஒரு பிரெஞ்சுப் பிரபுவைக் கட்டி, புரட்சியில் அவர் தலை போனபின், 1797இல் ஜேனின் அண்ணன் ஹென்றியையே மணந்தார்.

ஜேன் பதினாறு வயதில் எழுதி முடிக்காமல் விட்ட 'கேத்தரின்' என்ற கதையில் வங்காளத்துக்குக் கப்பலேற்றப்படும் ஒரு பெண் வருகிறாள். ஊர் கண்ணுக்கு நல்ல வாழ்க்கை, உள்ளுக்குள் சந்தோஷமில்லை. அத்தையின் கதையை வீட்டில் என்னவென்று பேசியிருப்பார்கள் என்று அதில் தெரிகிறது.

'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' இவர் கதைதானா?

ஆமாம், 2000இல் ராஜீவ் மேனன் எடுத்த அந்தப் படத்துக்கு மூலம் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'. தபு, ஐஸ்வர்யா ராய் இருவரும் அக்கா எலினோர், தங்கை மரியான். மம்மூட்டி கர்னல் பிராண்டன். நாவலிலும் பிராண்டன் இந்தியப் பக்கம் வேலை பார்த்துத் திரும்பியவர். அங்கே வெயில், கொசு என்பதைத் தவிர அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று மரியானின் காதலன் வில்லபி நக்கலடிப்பான்.

கடிதங்களை அக்கா எரித்தது உண்மையா?

உண்மை. கசாண்ட்ரா தன் கடைசிக் காலத்தில் பெரும்பாலானவற்றை எரித்தார். சிலவற்றில் சில வரிகளைக் கத்தரித்தார். மிஞ்சியவை சுமார் 160. பலருக்கு அவர் மேல் கோபம். எனக்கு இல்லை. நாக்கு நீளமான தங்கை தனக்கு மட்டும் எழுதியதை, அண்ணன் பிள்ளைகள் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொண்டார்.

எப்படி இறந்தார்?

1816 மார்ச்சில் ஹென்றியின் வங்கி திவால். குடும்பத்தில் எல்லோருக்கும் அடி. அந்த வருஷமே ஜேனின் உடம்பும் சரிய ஆரம்பித்தது. அட்ரினல் சுரப்பி பழுதாகும் அடிசன் நோய் என்பது ஒரு மருத்துவர் 1964இல் சொன்னது. நிணநீர்ப் புற்றுநோய் என்பவர்களும் உண்டு. நோய்க்கு நடுவே, 1817 ஜனவரியில், 'சாண்டிடன்' தொடங்கினார். உடம்பே சரியில்லாமல் மருந்து தேடி அலைகிறவர்களைக் கேலி செய்யும் கதை! மார்ச் 18 வரை எழுதிக் கீழே வைத்தார்.

சிகிச்சைக்காக வின்செஸ்டரில் குடியேறி, 1817 ஜூலை 18 அன்று, 41 வயதில், கசாண்ட்ராவின் மடியில் தலை வைத்தபடி போய்ச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் பெண்கள் அடக்கத்துக்குப் போகும் வழக்கமில்லை. தெருமுனை திரும்பும் வரை ஜன்னலில் நின்று பார்த்தார் அக்கா. உயிலில் ஏறக்குறைய எல்லாம் அக்காவுக்கு. ஹென்றிக்கு 50 பவுண்ட், அவர் வீட்டுப் பிரெஞ்சு வேலைக்காரி மேடம் பிஷோனுக்கு 50. வங்கி கவிழ்ந்தபோது அவளும் காசை இழந்திருந்தாள்.

வின்செஸ்டர் பேராலயத்துக் கல்லறைக் கல்லில் அவருடைய குணம், பக்தி, அறிவு எல்லாம் இருக்கிறது. புத்தகம் எழுதினார் என்பது இல்லை. 1872இல்தான் பக்கத்தில் ஒரு பித்தளைத் தகட்டில் அதைச் சேர்த்தார்கள். 'நார்தாங்கர் அபே' (பழைய 'சூசன்'), 'பெர்சுவேஷன்' இரண்டும் இறந்த வருஷ டிசம்பரில் சேர்ந்து வந்தன. ஹென்றி எழுதிய முன்குறிப்பில் முதல்முறையாகப் பெயர் வெளிப்பட்டது.

10 பவுண்ட் நோட்டில் இருப்பது அவர் முகம்தானா?

ஓரளவுக்கு. முகம் தெரிய உயிரோடு இருக்கும்போது வரைந்தது என்று உறுதியாகச் சொல்லத்தக்கது கசாண்ட்ரா போட்ட ஒரு சின்னப் படம்தான். உதடு இறுகி, கைகட்டி, கொஞ்சம் எரிச்சலோடு இருப்பார். அண்ணன் மகன் தன் புத்தகத்துக்காக 1869இல் அதை அழகாக்கி வரையச் சொன்னார். 2017இல் நோட்டில் ஏறியது அந்த அழகாக்கிய முகம். கீழே வாசிப்பைப் போல இன்பம் வேறில்லை என்ற பொருளில் ஒரு வரி. 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் அதைச் சொல்வது கரோலின் பிங்லி. டார்சியைக் கவர ஒரு புத்தகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, கொட்டாவி விட்டபடி சொல்வது.

எதில் தொடங்கலாம்?

'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'. அடுத்து 'பெர்சுவேஷன்', சின்னது, கடைசிக் கடிதத்தில் கண் கலங்கும். 'எம்மா'வை அவசரமில்லாத நாளில் எடுங்கள், ஒன்றுமே நடக்காதது போலிருக்கும், இரண்டாம் முறை படிக்கும்போதுதான் எவ்வளவு நடந்திருக்கிறது என்று தெரியும். 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' கடைசி. அதில் நாரிஸ் அத்தை என்று ஒருத்தி வருவாள், அடுத்தவர் காசை மிச்சம் பிடித்தே பெயர் வாங்குகிறவள். அவளுக்காகவாவது படிக்கலாம்.